ஆல்ஜினேட் மணி கரைஞ்சு போவுதா? கழுவறத பாருங்க

தம்பி, காட்பாடியில ப்ராஜெக்ட் பண்றேன், மாட்டு வால் டிஸ்க்ல (எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்த மாதிரி தட்டு) இருந்து எடுத்த செல்ல ஆல்ஜினேட் (கடல்பாசில இருந்து வர்ற ஜெல்) மணியில போட்டா கழுவும்போதே வீங்கி கொழகொழன்னு ஆயிடுதுன்னு எழுதியிருக்கீங்க, கழுவறது பிபிஎஸ்லன்னும் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) சொல்றீங்க, கோளாறு அங்கதான். மணிய கெட்டியா புடிச்சிகினு இருக்கறதே கால்சியம்தான், பிபிஎஸ்ல இருக்கற பாஸ்பேட் அத இழுத்துக்கும், சோடியம் வேற அந்த எடத்துல போய் உக்காந்துக்கும், அப்புறம் மணி எப்படி நிக்கும்?

செல் கலந்த ஆல்ஜினேட்ட 102 மில்லிமோலார் கால்சியம் குளோரைடுல சொட்டு சொட்டா வுட்டு ஒரு 10 நிமிஷம் வுடுங்க, அப்புறம் 0.9% சலைன்ல (வெறும் உப்புத் தண்ணி) கழுவிட்டு ஒடனே மீடியத்துக்கு (செல் வளக்கற கரைசல்) மாத்துங்க, சலைன்லயும் ரொம்ப நேரம் ஊற வெக்காதீங்க. கடைசில செல் திரும்ப வேணும்னா சோடியம் சிட்ரேட்ல கரைச்சி எடுத்துக்கலாம்.

வெறுத்துப்போய் ஃபிளாஸ்க்லயே வளத்துடலாம்னு மட்டும் போயிடாதீங்க தம்பி. தட்டையா ஒட்டி வளந்தா நியூக்ளியஸ் பல்போசஸ் செல் (டிஸ்க் நடுவுல இருக்கற செல்) தன் குணத்தையே வுட்டுடும், டிஸ்க்குக்கு வேண்டிய டைப் 2 கொலாஜன், அக்ரிகன்ங்கற புரதங்க கொறைஞ்சி டைப் 1 கொலாஜன் ஏறும், மணிக்குள்ள உருண்டையா இருந்தாதான் டிஸ்க் செல்லாவே இருக்கும். ஆல்ஜினேட்ல செல் புடிச்சிக்க எடம் கெடையாது, அதனால மெதுவாதான் பெருகும், பயப்படாதீங்க. டிஸ்க் உள்ள ரத்தக்குழாயே இல்ல, அதனால முடிஞ்சா ஆக்ஸிஜன 5% வெச்சி பாருங்க.

வால் பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் அன்னிக்கே அறுத்ததா கேட்டு வாங்கி ஐஸ்ல வெச்சி கொண்டாங்க, நம்ம ஊரு வெயில்ல பையில போட்டு பஸ்ல கொண்டாந்தா செல் தாங்காது.

மொதல்ல செல் போடாம வெறும் மணி பண்ணி பாதிய சலைன்லயும் பாதிய பிபிஎஸ்லயும் போட்டு பாருங்க, என்னா ஆச்சின்னு இங்கயே எழுதுங்க.