38 வயசாகுது, நீச்சல் அரைகுறைதான். பெண்கள் மட்டும் கலந்துக்கிற ஸ்பிரின்ட் ட்ரையத்லான்ல பேர் குடுக்கலாமா? கடைசியா வந்தா அசிங்கமா இருக்காதா?

தாராளமா குடுங்க. உங்க கேள்வியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, உங்களுக்குப் பயம் தண்ணி மேல இல்ல, நாலு பேர் பாப்பாங்களேங்கிறதுலதான். வீட்டுல இன்னும் சொல்லியிருக்க மாட்டீங்க. காசு கட்டிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருப்பீங்க. நான் அப்படித்தான் செஞ்சேன், அதுல ஒண்ணும் தப்பில்ல, கட்டின காசு திரும்ப வராதுன்னா நம்ம வீட்டுல யாரும் போகாதேன்னு சொல்ல மாட்டாங்க.

முன்னாடியே சொல்லிடறேன், நான் கோச்சும் இல்ல டாக்டரும் இல்ல. மதுரையில ஒரு கடையில கணக்கு எழுதுற பொம்பள, உங்களைவிட நாலஞ்சு வயசு கூட. போன வருஷம் ஒண்ணு முடிச்சேன், அதை வெச்சுத்தான் பேசுறேன். "நீங்க யாரு அட்வைஸ் பண்ண"ன்னு கமெண்ட்ல வர்றவங்களுக்கு இப்பவே ஒரு கும்பிடு.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் அடுத்தடுத்து முடிக்கிற ட்ரையத்லான்னு சொன்னாலே அயர்ன்மேன்ங்கிற பெரிய போட்டியைக் காட்டிப் பயமுறுத்துவாங்க. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கு மேல 42.2 கிலோமீட்டர் ஓட்டம், அது 1978ல ஹவாயில நீச்சக்காரன் கெட்டியா சைக்கிள்காரன் கெட்டியா ஓட்டக்காரன் கெட்டியான்னு கிளம்புன வாக்குவாதத்துல பொறந்த கிறுக்கு. நீங்க கேக்குற ஸ்பிரின்ட் வேற. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம், அவ்வளவுதான். அப்புறம் "இதெல்லாம் ஆம்பளைங்க விளையாட்டு"ன்னு எங்க சொந்தத்துல ஒருத்தர் சொன்னாரு, அவருக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றேன்: ஒலிம்பிக்ல ட்ரையத்லான் மொதல் மொதலா வந்தது 2000 சிட்னியில, அங்க முதல்ல தண்ணியில குதிச்சது பொம்பளைங்க, ஆம்பளைங்களுக்கு மறுநாள்தான். மாரத்தானுக்கு நம்மள 1984 வரைக்கும் வாசல்லயே நிக்க வெச்ச அதே ஒலிம்பிக்! வயசுன்னு ஆரம்பிச்சா, டோக்கியோவுல தங்கம் வாங்குன ஃப்ளோரா டஃபிக்கு அப்ப 33 வயசு, ஊரு பெர்முடா, மொத்த ஜனமே ஒரு லட்சம் கிடையாது. சரி, அவங்க எங்க நான் எங்க. இருந்தாலும் வாயை அடைக்க உதவும், வெச்சுக்கங்க.

இப்ப நீச்சலுக்கு வர்றேன். அரைகுறைங்கிறீங்களே, அந்த அரை எங்க கத்துக்கிட்டீங்க? கண்டிப்பா ஏதோ ஒரு கிணத்துலயோ கம்மாயிலயோதான் இருக்கும். நான் சோழவந்தான் பக்கம். முதுகுல காலி கேனைக் கட்டி அண்ணன் படியில இருந்து தள்ளி விட்டு, ரெண்டு நாள் மூக்குல தண்ணி ஏறி, அப்புறம் மோட்டார் ரூம் மேல இருந்து குதிக்கிற அளவுக்கு வந்துட்டேன். தென்னந்தோப்புக் கிணறு, கோடையிலயும் தண்ணி ஜில்லுன்னு இருக்கும். வயசுக்கு வந்த அன்னையோட கிணத்துப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. அண்ணன் மட்டும் போனான். கல்யாணமாகி அவன் புள்ளைங்களுக்கும் அதே கிணத்துல கத்துக் குடுத்தான். எனக்கு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல தண்ணின்னா பாத்ரூம் பக்கெட்தான். அதனால "எனக்கு நீச்சல் வராது"ன்னு எந்தப் பொம்பளையாவது சொன்னா எனக்குச் சுருக்குன்னு இருக்கும், பாதிப் பேருக்கு வந்துச்சு, நிறுத்திட்டாங்க, அதுதான் விஷயம்.

கிணத்து நீச்சலை வெச்சு 750 மீட்டர் போக முடியுமான்னா, போலாம், ஆனா நாக்கு தள்ளிடும். நாம தலையத் தூக்கிக்கிட்டே நீந்துவோம், தலை மேல போனா இடுப்பும் காலும் கீழ தொங்கும், தொங்குற காலையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகணும். பூல்ல சேந்தப்ப அங்க இருந்த பொண்ணு முதல்ல சொன்னது மூஞ்சிய தண்ணிக்குள்ள வைங்கக்கான்னுதான். ஒரு நீளம் போறதுக்குள்ள மூச்சு வாங்குச்சு. காரணம் சின்னது, நான் தண்ணிக்குள்ள மூச்சை அடக்கிக்கிட்டு இருந்தேன், தலையத் திருப்புற அந்த அரை நொடியில விடவும் முடியல இழுக்கவும் முடியல. உள்ள இருக்கும்போதே மூக்கு வழியா பொளபொளன்னு விட்டுடணும், திருப்பும்போது இழுக்குற சோலி மட்டும்தான் இருக்கணும். இது பிடிபட எனக்கு வாரக்கணக்காச்சு, ஆனா பிடிபட்ட அன்னைக்கு நாலஞ்சு நீளம் நிக்காம போனேன். அப்படியும் வரலைன்னா விடுங்க, ட்ரையத்லான்ல இந்த ஸ்ட்ரோக்தான் அடிக்கணும்னு ரூல் கிடையாது, தவளை நீச்சல்லயே போங்க, மல்லாந்தும் போலாம், முடியலைன்னா ஓரத்தைப் பிடிச்சு நின்னு மூச்சு வாங்கிட்டும் போலாம். ஓரத்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே முன்னாடி நகரத்தான் கூடாது.

பூல் கிடைக்கிறதுதான் பெரும்பாடு. நான் போன இடத்துல லேடீஸ் பேட்ச் காலைல பத்து மணிக்கு. பத்து மணிக்கு எந்தப் பொம்பள சும்மா இருக்கா? வெயில்ல தண்ணி கொதிக்கிற நேரம் நமக்கு, விடியக்காலையும் சாயங்காலமும் ஆம்பளைங்களுக்கு, ஃபீஸ் மட்டும் சமம். லீவு நாளாப் பாத்துப் பாத்துப் போனேன்.

அப்புறம் யாரும் எழுதாத விஷயம் ஒண்ணு இருக்கு, தாலியும் மெட்டியும். கலாச்சாரக் கிளாஸ் எடுக்க வர்றவங்க இந்தப் பாராவைத் தாண்டிப் போயிடுங்க. தாலிச்செயினோட ஃப்ரீஸ்டைல் அடிச்சீங்கன்னா அது மிதந்து வந்து காகிள்ஸ் பட்டையில மாட்டும், அறுந்து உள்ள போனா அத்தனை பவுனை யாரு முங்கித் தேடுறது. நான் ரேஸ் அன்னைக்கு மஞ்சக்கயித்துல கோத்துக்கிட்டு காஸ்ட்யூமுக்கு உள்ள ஊக்கு குத்திக்கிட்டேன். மெட்டிக்கு அந்த வழியும் இல்ல. மெட்டியோட ஷூ போட்டு ஓடிப் பாருங்க, பக்கத்து விரல் தோல் உரிஞ்சு சாக்ஸ் ரத்தமாயிடும். கழட்டிட்டேன். எங்க அத்தை அன்னைக்குச் சாயங்காலமே கண்டுபிடிச்சுட்டாங்க, அவங்க புருஷனோட அக்கா வரைக்கும் ஃபோன் போச்சு, ஒரு வாரம் என்கிட்ட நேரா பேசல, "உங்கம்மாட்ட காபி வேணுமான்னு கேளு"ன்னு எம்பொண்ணு மூலமாத்தான் பேச்சு. என் வீட்டுக்காரர் எதுக்கும் வாயத் திறக்கல, சப்போர்ட்டும் இல்ல எதிர்ப்பும் இல்ல, பேப்பர் படிச்சாரு. இன்னைக்கு வரைக்கும் அது தீராத பஞ்சாயத்துதான், ஆனா மெட்டிய ஓடுற நாள்ல கழட்டுறேன், மத்த நாள்ல போடுறேன்.

சைக்கிள் எதுன்னு கேப்பீங்க. லட்ச ரூபாய் சைக்கிள் வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எம்பொண்ணு ப்ளஸ் ஒன் படிச்சப்ப அரசாங்கம் குடுத்த ஃப்ரீ சைக்கிள், அதுலதான் போனேன். கியர் கிடையாது, முன்னாடி கூடை. செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கட்டையும் ரெண்டு டயரும் மாத்தினேன், அவ்வளவுதான். நடத்துறவங்ககிட்ட முன்னாடியே கேட்டுக்கங்க, ஆரம்பநிலைக்காரங்களுக்குப் பெரும்பாலும் எந்த சைக்கிளா இருந்தாலும் விடுவாங்க, பிரேக்கும் ஹெல்மெட்டும் சரியா இருந்தா போதும்.

ரேஸ் நாளுக்கு வர்றேன். யாரு நடத்துனாங்கன்னு சொல்ல மாட்டேன், நல்ல மனுசங்கதான், ஆனா ஆறு மணிக்குக் கொடியசைப்புன்னு போட்டுட்டு சீஃப் கெஸ்ட் வந்தது ஏழேகாலுக்கு. நாங்க அத்தனை பேரும் காஸ்ட்யூமும் தொப்பியுமா தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறோம், அவருக்குப் பொன்னாடை, கூட வந்தவருக்குப் பொன்னாடை, கூட வந்தவரோட மச்சானுக்கும் ஒண்ணு, அப்புறம் மைக்கைப் பிடிச்சு பெண்கள் நாட்டின் கண்கள்னு ஆரம்பிச்சாரு பாருங்க. கண்ணுக்கு வெயில் அடிக்குதுய்யான்னு எவளாவது கத்தியிருக்கணும். இந்த சீஃப் கெஸ்ட் வியாதி நம்ம ஊர்ல எதை விட்டுச்சு? ஸ்கூல் ஆண்டு விழாவுல குழந்தைங்க மேக்கப்போட மூணு மணி நேரம் பசியில உக்காந்திருக்கும், இவங்க வந்து குத்துவிளக்கு ஏத்தணும். ரத்ததான முகாம்ல ரத்தம் குடுக்க வந்தவன் வரிசையில நிக்கிறான், பொன்னாடை முடியல. எங்க தெருவுல ஒரு போர்வெல் பம்பைத் திறக்க ரெண்டு வாரம் காத்திருந்தோம், தண்ணி ரெடி, பைப் ரெடி, தேதி கிடைக்கல. சரி, அதை விடுங்க, ரத்தக்கொதிப்புதான் மிச்சம்.

பூல் 25 மீட்டர், அப்ப முப்பது நீளம். ஒரு லேன்ல மூணு பேர். முன்னாடி போறவங்க கால் மூஞ்சியில படும், பின்னாடி வர்றவங்க நம்ம காலைப் பிடிப்பாங்க, பதறாதீங்க. ஓரத்துல ஒரு காலேஜ் பொண்ணு அட்டையில கோடு போட்டு எண்ணிக்கிட்டு இருந்துச்சு. நான் முப்பதுன்னு நிமிந்தா "அக்கா இன்னும் ரெண்டு"ங்குது. அது ஃபோனைப் பாத்துக்கிட்டு இருந்ததை நானே பாத்தேன். சண்டை போடுற நேரமா அது, அந்த ரெண்டையும் போயிட்டு வந்தேன். நான் நீந்துனது 800 மீட்டர், எழுதி வெச்சுக்கங்க.

தண்ணிய விட்டு ஏறினதும் சைக்கிளுக்கு மாறுற அந்த நேரத்தைப் பத்திச் சொல்லணும். டிரஸ் மாத்த ரூம் கிடைக்கும்னு நினைக்காதீங்க, காஸ்ட்யூம் மேலயே எல்லாம். நான் முழுக்கை முழுக்கால் காஸ்ட்யூம், அதுக்கு மேல டீ ஷர்ட் போடலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். ஈர உடம்புல காஞ்ச டீ ஷர்ட் இறங்கவே இறங்காது, அக்குள் வரைக்கும் கயிறு மாதிரி சுருட்டிக்கிட்டு நிக்கும், ரெண்டு கையும் மேல, மூஞ்சி உள்ள, வெளிய யாரோ "சீக்கிரம் சீக்கிரம்"ங்கிறாங்க. கடைசியில எம்பொண்ணு கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து "சுருட்டி தலையில இருந்து உருட்டி விடும்மா"ன்னு கத்துச்சு. வெளி ஆளு தொடக் கூடாது, தொட்டா பெனால்டி. ஹெல்மெட் விஷயத்துல கறாரா இருப்பாங்க, சைக்கிளைத் தொடுறதுக்கு முன்னாடியே தலையில போட்டு பட்டை கிளிக்குன்னு மாட்டியிருக்கணும். அங்க தரையில போட்டிருக்கிற கோடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிட்டுப் போய், அதைத் தாண்டித்தான் ஏறணும், வரும்போது கோட்டுக்கு முன்னாடியே இறங்கிடணும். இதை வீட்டு வாசல்ல பழகிட்டுப் போங்க, தெருவுல சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

சைக்கிள் எனக்குப் பிடிச்ச பகுதி. அழகர்கோவில் ரோட்டுல போய் அப்பன்திருப்பதி தாண்டித் திரும்பணும். சித்திரையில அழகர் மதுரைக்கு வர்ற ரோடு அது, சின்ன வயசுல எதிர்சேவைக்கு மூன்றுமாவடியில விடிய விடிய நின்னிருக்கேன், அதே ரோட்டுல நம்பர் குத்திக்கிட்டு நான் போறேன். பஸ்காரர் பின்னாடியே ஆரன் அடிச்சுக்கிட்டு வந்தாரு, ஆடு குறுக்க வந்துச்சு, டீக்கடையில உக்காந்திருந்த தாத்தா "ஏத்தா, எங்க இம்புட்டு வெரசா"ன்னாரு. அந்த வேகத்தை வெரசான்னு சொன்ன ஒரே ஆள் அவருதான். முன்னாடி போற சைக்கிளை ஒட்டிக்கிட்டே போகக் கூடாதுன்னு ரூல், காத்து மறைப்புல சுகமா வரக் கூடாதாம். எனக்கு அந்தப் பிரச்சினையே வரல, ஒட்டுற தூரத்துல யாரும் இருந்தாத்தானே.

ஓட்டம்தான் ஆளைக் கவுக்கும். சைக்கிள்ல இருந்து இறங்குனதும் கால் ரெண்டும் அடுத்தவங்க கால் மாதிரி இருக்கும், தொடை பெடல் சுத்துற கணக்குலயே இருக்கும், தரையில வைக்கிற கணக்குக்கு வர பத்து நிமிசம் ஆகும். இதை முன்னாடியே பழகுங்க, சைக்கிள் ஓட்டிட்டு வந்து நிறுத்தின கையோட ஒரு கிலோமீட்டராவது ஓடுங்க. நான் ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல அப்படித்தான் பழகினேன். சீஃப் கெஸ்ட் புண்ணியத்துல நாங்க ஓடும்போது மணி ஒன்பதரைக்கு மேல, தார் ரோடு, நிழல் இல்ல. ரெண்டாவது கிலோமீட்டர்ல நடக்க ஆரம்பிச்சேன். நடக்கலாம், ரூல்ல தடை இல்ல. என்கூட திண்டுக்கல்ல இருந்து வந்த ஒரு டீச்சரம்மா நடந்தாங்க, மெட்டிக் கதையச் சொன்னேன், அவங்க வீட்டுல நீச்சல் டிரஸ்ஸை மொட்டை மாடியில காயப்போடக் கூடாதாம், பாத்ரூம் கதவுக்குப் பின்னாடிதான் காயணுமாம். பேசிக்கிட்டே ஓடினோம், நடந்தோம், ஓடினோம்.

கடைசியா வந்தா அசிங்கமான்னு கேட்டீங்கல்ல. நாங்க ரெண்டு பேரும்தான் கடைசி, யாரு முன்ன யாரு பின்னன்னு பாக்கல. பாக்குறதுக்கு அங்க ஆள் இருந்தாத்தானே! அத்தனை பேரும் டிஃபன் கவுண்டர்ல. மானமெல்லாம் போகாதுங்க, பொங்கல் தீந்து போயிடும். வடையும் இல்ல. சட்னி மட்டும் ஒரு வாளி நிறைய இருந்துச்சு. வாழைப்பழம் ரெண்டு பையில போட்டுக்கிட்டுப் போங்க, உப்பும் சீனியும் போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒரு பாட்டில், யாரையும் நம்ப வேண்டாம். பெண்கள் போட்டின்னு பேனர் அடிச்சவங்க குடுத்த டீ ஷர்ட் ஆம்பளை சைஸ், இப்ப என் வீட்டுக்காரர் போட்டுக்கிட்டுத் திரியுறாரு, கேக்குறவங்ககிட்ட "ஆமா ஆமா"ங்கிறாரு.

சொந்தக்காரங்க என்ன பிரைஸ்னு கேப்பாங்க. மெடலைக் காட்டுனா "இது முடிச்ச எல்லாருக்கும் குடுக்குறதுதானே"ன்னு எங்க மாமா சொன்னாரு. ஆமா மாமா, முடிச்ச எல்லாருக்கும்தான்னேன்.

தேதி பீரியட்ஸோட மோதுமோன்னும் யோசிப்பீங்க, நாப்கினுக்குப் பதிலா உள்ள வெச்சுக்கிற மென்ஸ்ட்ருவல் கப் பழகிட்டா தண்ணியில பிரச்சினை இல்ல, ஆனா ரேஸ் அன்னைக்கு மொத தடவையா முயற்சி பண்ணாதீங்க. பிரஷர், இதயப் பிரச்சினை இருந்தா டாக்டரைப் பாத்துட்டுப் போங்க, இதை எழுதலைன்னா ஒருத்தர் வந்து சண்டைக்கு நிப்பார்.

மதுரைப் பக்கம்னா மெசேஜ் பண்ணுங்க. பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிட்டா, சைக்கிள் சும்மாதான் நிக்குது, கொண்டு போங்க. சீட்டை மட்டும் மாத்திக்கங்க, அது என்னால சத்தியமா முடியல.