கேட்டவரே எழுதட்டும்

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மூத்த தொழில்நுட்பர்கள் இருவர் அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுவதால், அவர்களுக்குத் தெரிந்ததைப் பதிந்துவைக்க நிர்வாகம் ஒரு விக்கியை (பலரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம்) தொடங்கித் தந்தது. நான் சரிபார்த்த பின்னரே எந்தப் பக்கமும் வெளிவர வேண்டும் என்பது விதி. ஆறு மாதத்தில் ஏழு பக்கங்கள்தாம் தேறின. ஏழும் நான் எழுதியவை. மற்றவர்கள் வாட்ஸ்அப்பிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1995-இல் முதல் விக்கியை வெளியிட்டபோது அதற்குச் சூட்டிய பெயர், ஹவாய் மொழியில் 'விரைவு' என்று பொருள்படும் சொல். உங்கள் விதி அந்த விரைவைத்தான் முடக்கியிருக்கிறது. விக்கியில் பழைய வடிவங்கள் அனைத்தும் வரலாற்றுப் பகுதியில் இருப்பதால், யார் பிழையாக மாற்றினாலும் உடனே மீட்டுவிடலாம். பாதுகாப்பு நடைமுறைப் பக்கங்களை மட்டும் பூட்டிவையுங்கள்.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரப் பழுதுபார்ப்பாளர்களுடன் பழகி ஆராய்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், அவர்கள் கையேட்டைவிட, சாப்பாட்டு வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகளிலிருந்தே மிகுதியாகக் கற்றதை எடுத்துக்காட்டினார். உங்கள் மூத்தவர்களும் தே தாரிக் (ஆற்றிய பால்தேநீர்) குடித்தபடி அரைமணி நேரம் சொல்வார்கள். எழுதச் சொன்னால் ஒதுங்கிவிடுவார்கள். ஆகவே பதில் சொன்னவரை விட்டுவிட்டு, கேட்டவரை எழுதச் சொல்லுங்கள்.

இரவு 2 மணிக்குக் கன்வேயர் நின்றுவிட்டதென ஓர் இளைஞர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்; "சென்சார் கண்ணாடியைத் துடைத்துப் பார், தம்பி" என்று பதில் வருகிறது. மூன்று வாரத்தில் அந்த வரி ஆயிரம் செய்திகளுக்கடியில் புதைந்துபோக, வேறொருவர் அதையே கேட்பார். மறுநாள் காலையில் அந்த இளைஞர் அதை நான்கு வரியில், ஒரு படத்துடன், 'கன்வேயர் நின்றால்' என்ற தலைப்பில் விக்கியில் இடட்டும். அதைப் படிக்கும் மூத்தவர், "மின் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் துடைக்க வேண்டும்" என்று சேர்ப்பார். கைப்பழக்கமாகிவிட்டதால் அவருக்கே சொல்லத் தோன்றாத செய்தி அது. மலாயும் ஆங்கிலமும் கலந்து எழுதினாலும் திருத்த முனையாதீர்கள். தேடுபவர் தேடுவதும் அந்தச் சொற்களைத்தான்.

பக்க எண்ணிக்கையை ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்க நிர்வாகம் முன்வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள்; அடுத்த மாதமே எழுபது வெற்றுப் பக்கங்கள் முளைத்திருக்கும்.