கூத்தும் தாளமும் அனிமேஷனும்: கேட்டதும் சொன்னதும்

தருமபுரியில் இருந்தபடி, பாட்டையும் ஆட்டத்தையும் வைத்துத் தனியாளாக அனிமேஷன் படம் செய்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

பாலக்கோடு மாணவி: அண்ணா, பாட்டு முதலா, படம் முதலா?

எனக்குப் பாட்டுதான்மா முதல். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 நிலைப்படம். நிமிஷத்துக்கு 120 அடி விழும் தாளமென்றால் அடிக்கு 12 ஃப்ரேம். கூத்துப் பாட்டு இப்படிச் சீராக நிற்காது, போர்க் கட்டத்தில் மிருதங்கம் ஓட ஆரம்பித்துவிடும். அப்போது கணக்கை விட்டுவிட்டு, காதால் கேட்டு ஒவ்வோர் அடியையும் குறித்துக்கொள்வேன். பாதம் தரையில் படும் படத்தைச் சத்தத்துக்கு ஒரு ஃப்ரேம் முன்னால் வைத்துப் பாருங்கள், சரியாக ஒட்டும்.

பென்னாகரம் தம்பி: கூத்தை வீடியோ எடுத்து அதன்மேலேயே வரையலாமா?

பழகுவதற்கு வரையுங்கள். ரோட்டோஸ்கோப் என்று 1917-லேயே மேக்ஸ் ஃபிளைஷர் காப்புரிமை வாங்கிய முறைதான் அது. ஆனால் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் பிடித்தால் உடம்பின் கனம் போய்விடும். துரியோதனன் வேஷம் சுழன்று நிற்கும். ஆள் நின்ற பிறகும் உடுப்பு சுற்றும். திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடிய உட்கார்ந்த பிறகே எனக்கு அது கண்ணில் பட்டது. வேஷக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பெயர் போடுங்கள், பணமும் கொடுங்கள். அந்த ஆட்டம்தான் அவர் பிழைப்பு.

அரூர் அக்கா: யார் படங்களைப் பார்க்கலாம்?

கனடாவின் நார்மன் மெக்லாரன். 1949-ல் ஆஸ்கர் பீட்டர்சன் குழுவின் ஜாஸ் இசைக்கு, ஃபிலிம் சுருளிலேயே வண்ணம் தீட்டியும் கீறியும் படம் செய்தார். 1968-ல் இரண்டு பாலே கலைஞர்களின் அசைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். கை கடந்து வந்த வழியெல்லாம் திரையில் நிற்கும்!

கிருஷ்ணகிரி தகப்பனார் ஒருவர்: பையன் இதில் பிழைப்பானா சார்?

ஆரம்பத்தில் சொந்தப் படம் சோறு போடாதுங்க ஐயா. கல்யாணப் பத்திரிகை வீடியோ, பள்ளிப் பாடப் படம் என்று வெளிவேலையும் செய்யத்தான் வேண்டும். பாதிப் பணம் கைக்கு வராமல் வேலை தொடங்க வேண்டாம். முன்பணம் கேட்கக் கூச்சப்பட்டு ஒருமுறை மூன்று மாத உழைப்பை இழந்தேன். பிளெண்டர், கிரிட்டா இரண்டும் இலவசம், மென்பொருளுக்குச் செலவில்லை.

காவேரிப்பட்டணம் தம்பி: தியாகராஜர் கீர்த்தனையைப் போடலாமா?

கீர்த்தனைக்குத் தடையில்லை. இன்னொருவர் பாடிய பதிவுக்குத் தனி உரிமை உண்டு, வெளியாகி 60 ஆண்டு வரை. நம்மூர் ஆளைப் பாடவைத்துப் பதியுங்கள்.

ஓசூர் தங்கை: முதல் படம் எவ்வளவு நீளம் அண்ணா?

30 நொடி போதும். வரைந்த ஓர் ஓவியம் இரண்டு ஃப்ரேம் நின்றால் மொத்தம் 360 ஓவியம். நாளுக்கு 6 வரைந்தால் 60 நாள். பொங்கலன்று தொடங்கினால் பங்குனி பிறக்கும்போது படம் கையில் இருக்கும்.