வாசகர் கேள்வி - பதில்: திருச்சபை வரலாறு கற்பிக்க வேண்டுமென்றால்...

செராம்பூர் செனட்டின் கீழ் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திருச்சபை வரலாற்றுப் பேராசிரியராக ஆசை. இனி என்ன படிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், நாசரேத்

இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் படிப்பதால் பாதை நேரானதுதான். பி.டி. முடிந்ததும் எம்.டிஎச். (இறையியல் முதுநிலை) இரண்டு ஆண்டு, பிறகு டி.டிஎச். (இறையியல் முனைவர் பட்டம்). நாம் திருச்சபை வரலாறு என்பது எம்.டிஎச்.சில் 'கிறிஸ்தவ வரலாறு' என்ற பெயரில் இருக்கும். உங்கள் திருமண்டலத்திடம் (பேராயரின் கீழுள்ள மறைமாவட்டம்) இப்போதே பேசிவிடுங்கள். படிக்க அனுப்பிவிட்டு, முடித்து வந்ததும் போதகராகச் சேகரத்துக்கு (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரம்) போகச் சொல்வது வழக்கமாக நடப்பதுதான். கற்பிக்கத்தான் போகிறீர்கள் என்பது எழுத்தில் இருப்பது நல்லது.

பெரும்பாலோர் சறுக்குவது ஆய்வுத் தலைப்பில். 'தமிழகத் திருச்சபையும் சாதியும்' என்று எடுத்தால் பத்து ஆண்டானாலும் முடியாது. ஒரே சேகரம், முப்பது ஆண்டு, அதன் ஞானஸ்நானப் பதிவேடு என்று சுருக்குங்கள்.

டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரிகள் நடத்திய மிஷன் பக்கம் போவதென்றால், 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான மிஷன் அறிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கும். அதை மட்டும் நம்பி ஆய்வேடு எழுதாதீர்கள். ஹாலேயிலிருந்த பதிப்பாசிரியர்கள் வெட்டியும் திருத்தியுமே அச்சிட்டார்கள். அந்த மிஷனைத் தொடங்கிய சீகன்பால்க் 1713-இல் முடித்த தென்னிந்தியத் தெய்வங்கள் பற்றிய நூலை அவர்கள் அச்சேற்றவே இல்லை. அது 1867-இல் சென்னையில்தான் வெளிவந்தது. ஆகவே கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டே தீர வேண்டும். அதற்கு ஜெர்மன் மட்டும் போதாது. கூரெண்ட் என்னும் பழைய கையெழுத்தும் வர வேண்டும். அதில் e பார்வைக்கு n போலிருக்கும். U-வுக்குத் தலையில் ஒரு வளைவு. தினமும் அரைப் பக்கம் பெயர்த்தெழுதிப் பழகுங்கள்.

தமிழ் ஓலை மட்டும் எளிதா? புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலிருக்கும், 'பெறு', 'பேறு' இரண்டுக்கும் ஒரே வடிவம். இந்த ஏகார, ஓகார நெடிலுக்குத் தனிக் குறி கொடுத்தவர் வீரமாமுனிவர். அந்த வழக்கம் பரவாத ஓலையில் இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். பட்டத்தைவிட இந்தக் கண்பழக்கம்தான் ஒருவரை ஆசிரியராக்குகிறது என்பது எங்கள் கருத்து.

தரங்கம்பாடியிலிருந்து போன கடிதத்தில் 1728 பிப்ரவரி 20. அதற்குச் சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் எழுதிய பதிலில் 1727 பிப்ரவரி 16. கேள்விக்கு முன்பே பதில் எப்படி வந்தது?
– ஒரு ஆய்வு மாணவி, மதுரை

யாரும் தேதியைத் தவறாக எழுதவில்லை. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் கையில் இருந்தது; டென்மார்க் 1700-இலேயே புதிய (கிரிகோரியன்) நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து மாறியது 1752 செப்டம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் வித்தியாசம் 11 நாள். போதாததற்கு, ஆங்கிலேயருக்கு அப்போது ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அதனால் ஜனவரி முதல் மார்ச் 24 வரை முந்தைய ஆண்டின் எண்ணையே போடுவார்கள். சென்னைக் கடிதத்தின் ஆண்டோடு ஒன்றைக் கூட்டி, நாளோடு பதினொன்றைக் கூட்டுங்கள்: 1728 பிப்ரவரி 27. பதில் ஏழு நாள் கழித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1727/8 என்று இரட்டையாக எழுதியிருந்தால் ஆண்டைக் கூட்ட வேண்டாம். நாளை மட்டும் கூட்டினால் போதும். ஆய்வேட்டில் மூலத்தில் உள்ள தேதியை அப்படியே கொடுத்து, மாற்றிய தேதியைப் பக்கத்தில் போடுங்கள். மாற்றியதை மட்டும் கொடுத்தால், சரிபார்ப்பவர் ஆவணக் காப்பகத்தில் கடிதத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

எம்.டிஎச். வைத்துக்கொண்டு கலைக்கல்லூரி வரலாற்றுத் துறையில் சேர முடியுமா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அதை நம்பி இருக்காதீர்கள். வரலாற்றில் எம்.ஏ., 55 விழுக்காடு, மேலே நெட் அல்லது செட் (விரிவுரையாளர் தகுதித் தேர்வுகள்) தேர்ச்சி என்று தனியாகத் தயாராகுங்கள். எம்.ஏ.வைத் தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். அந்தப் படிப்புக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பு பாருங்கள்.