அரியர் இல்லாத ஊர்

ஒரு தம்பி கேட்டிருக்கிறான்: "அக்கா, பிளஸ் டூவில் 600-க்கு 571. ஊரில் ஒரு வருடம் இன்ஜினியரிங் படித்துவிட்டு, ஜெர்மனியில் பேச்சிலர் மெக்கானிக்கல் சேரப் போகிறேன். படிப்பு ரொம்பக் கஷ்டமா? பார்ட் டைம் வேலை பார்த்துக்கொண்டே சமாளிக்கலாமா? குக்கர், மிக்ஸி எடுத்து வரலாமா? பணத்தை எந்த பேங்கில் போடுவது?"

பேங்க் விஷயத்தை என்னிடம் கேட்காதே தம்பி. நான் வந்தது 2010-இல், அந்தக் கதை உனக்கு உதவாது. இப்போது வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், காட்டச் சொல்கிறார்கள். தூதரகத்தின் இணையப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது, நிதானமாகப் படி. மிக்ஸி வேண்டாம், குக்கரைக் கொண்டு வா.

உன் 571-ஐப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நானும் கோவில்பட்டியிலிருந்து 1200-க்கு 1137 என்று மார்க் ஷீட்டை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு வந்தவள்தான். கணக்கில் 198. அந்த 198 இங்கே என்னைக் காப்பாற்றும் என்று மனதார நம்பினேன்.

பாடம் கஷ்டமா என்றால், இல்லை. மேட்ரிக்ஸ், இன்டெக்ரேஷன் எல்லாம் நீ பார்த்ததுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே உன்னை யாரும் துரத்த மாட்டார்கள். பெரும்பாலான லெக்சர்களுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது, 75 சதவீதம் கிடையாது, இன்டெர்னல் மார்க் கிடையாது, மாடல் எக்ஸாம் கிடையாது. அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கும், பிப்ரவரி நடுவில் முடியும். அதற்கப்புறம் ஒரே ஒரு தேர்வு. பெரும்பாலான பாடங்களில் உன் மதிப்பெண் முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தில்தான். நடுவில் நீ தூங்கினாயா, செத்தாயா என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஊரில் ஹெச்.ஓ.டி. அப்பாவுக்கு போன் போட்டால் எரிச்சல் வரும் இல்லையா, இங்கே வந்த மூன்றாம் மாதம் அந்த ஹெச்.ஓ.டி.க்காக ஏங்குவாய்.

அடுத்தது அரியர். என் சித்தப்பா மகன் ஒன்பது அரியரைக் கடைசி வருடத்தில் கிளியர் செய்து, அதை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் வீரக்கதையாகச் சொல்கிறான். அந்த வீரம் இங்கே செல்லாது. ஒரு பாடத்தை பொதுவாக மூன்று முறை எழுதலாம். சில இடங்களில் இரண்டு முறை எழுதி, அதுவும் போனால் ஒரு வாய்மொழித் தேர்வு. அதிலும் போனால் கதை முடிந்தது, அந்தப் பாடம் மட்டுமல்ல, படிப்பே. அதே படிப்பை வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் போய்த் தொடரவும் விட மாட்டார்கள். விசாவும் படிப்போடு கட்டியிருப்பதுதான். இதை எந்த ஏஜென்ட்டும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான். "ஃபீஸே இல்லை" என்பதை மட்டும் பத்து முறை சொல்லியிருப்பான். அதுவும் முழு உண்மை இல்லை. நான் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017-இலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்களிடம் பேச்சிலரைப் பற்றிக் கேட்காதே. அவர்கள் ஆங்கிலத்தில் நான்கு செமஸ்டர் படித்து, பாதி நாள் தீசிஸில் ஓட்டி, "ஈசிதான் ப்ரோ" என்பார்கள். ஆறு பேராக ஒரு பிளாட்டில் இருந்துகொண்டு, ஐந்து வருடம் கழித்தும் பேக்கரியில் விரலால் காட்டி ரொட்டி வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். உனக்கு மெக்கானிக்கல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும். ஜெர்மனில் உயர்நிலையான சி1 சான்றிதழ் வாங்கிவிட்டேன் என்று நீ உட்கார்ந்தால், பேராசிரியர் ஸ்வேபிஷ் வட்டார வழக்கில் பேசுவார். சென்னையில் தமிழ் கற்றுக்கொண்ட ஒருவரை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்ட மாதிரி இருக்கும்.

நான் முதலில் ஸ்டூடியன்கொலெக் என்னும் முன்தயாரிப்பு வருடத்தை முடித்து, 2011 அக்டோபரில் முதல் செமஸ்டர் சேர்ந்தேன். அந்த வருடம்தான் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தியிருந்தார்கள். பள்ளி முடித்த பையன்கள் பட்டாளத்துக்குப் போகாமல் நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். அரங்கத்தில் உட்கார இடமில்லை, படிக்கட்டில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தேன். லெக்சர் முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். ஏதோ கலாட்டா என்று பையைத் தூக்கிக்கொண்டேன். அது கைதட்டலாம்! கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து போனால் மூன்றாவது வரிசையில் தாராளமாக இடம் கிடைத்தது. காலி இடங்களைப் பார்த்து அப்போது சந்தோஷப்பட்டேன், மடச்சி.

வாராவாரம் ஒரு பயிற்சித்தாள் தருவார்கள். நான்கைந்து கணக்குதான் இருக்கும், ஆனால் ஒன்றைப் போட ஒரு மாலை போய்விடும். எங்களுக்கு அதைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. கட்டாயமில்லை என்றால் நம் ஊர்க்காரி செய்வாளா? விடைகள் வெளியான பிறகு அவற்றைப் பிரிண்ட் எடுத்து, பச்சை மையில் அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்தேன். 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' தேடினேன். பழைய வினாத்தாள்கள் மாணவர் சங்க அறையில் கிடைத்தன, அவற்றையும் உருப்போட்டேன்.

பிப்ரவரியில் 'உயர்கணிதம்-1' தேர்வில் 5,0. இங்கே புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். 1,0 தான் உச்சம், 4,0 வரை பாஸ், 5,0 என்றால் ஃபெயில்.

திருத்திய தாளைப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு நாள் வைப்பார்கள். இருபது நிமிடம், கையில் பேனா கூடாது. ஒரு கணக்கில் ஒன்றின் கீழ் n வர்க்கம் என்ற தொடர் ஒருங்குமா, அதாவது கூட்டிக்கொண்டே போனால் ஓர் எண்ணை நெருங்கி நிற்குமா என்று கேட்டிருந்தார்கள். நான் விகிதச் சோதனை போட்டு, எல்லை 1 என்று கண்டுபிடித்து, கீழே "ஒருங்கும்" என்று எழுதி இரட்டைக் கோடும் போட்டிருந்தேன். விடை சரிதான். ஆனால் எல்லை 1 வந்தால் அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது. எனக்கு விடை தெரியும், அதனால் எழுதிவிட்டேன். ஓரத்தில் சிவப்பில் ஒரே வார்த்தை: "ஏன்?" எட்டுக்கு ஒன்று. பக்கம் பக்கமாக அதே "ஏன்?". பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது.

அப்போது எனக்குக் கிடைத்தவள், ஹாம் நகரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி. அப்பா 80-களில் அகதியாக வந்தவர். நம்மவர்கள் சிலர் ஈழத்துப் பிள்ளைகளிடம் பழகாமல் தள்ளியே நிற்பார்கள், அது என்ன கௌரவமோ எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் ஜெர்மன் பள்ளியில் படித்தவள், கணக்கைச் சண்டை போட்டே கற்றவள். நூலக மேசையில் கட்டம் போட்ட தாளை விரித்து, என்னைப் போடவிட்டு, ஒவ்வொரு வரியிலும் நிறுத்துவாள். "இது எப்பிடி வந்தது? விளங்கிட்டுதோ, சும்மா தலையாட்டுறீங்களோ?" சும்மாதான் தலையாட்டினேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆனது. அடுத்த கோடையில் ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு என்னைக் கூட்டிப்போனாள். வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு நடுவில்கூட டார்க் (முறுக்கு விசை) கணக்கு ஒன்றைக் கேட்டுக் கழுத்தறுத்தாள்.

பார்ட் டைமா? வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. அனுமதி உண்டு என்பதற்காக முதல் செமஸ்டரில் செய்யாதே. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு வைத்துத்தான் பாடத்திட்டமே போடுகிறார்கள். கூட்டிப்பார். நான் உணவகத்தில் இரவு பதினொரு மணிவரை தட்டு கழுவிவிட்டு, மறுநாள் எட்டு மணி மெக்கானிக்ஸ் லெக்சரில் தூங்கியவள். ஆறு செமஸ்டரில் முடிக்க வேண்டியதை ஒன்பதில் முடித்தேன். இங்கே அதை ஒரு குறையாகப் பார்ப்பவர்கள் குறைவு, ஊரில்தான் பதில் சொல்லி மாளவில்லை.

தேர்வுக்கு ஆன்லைனில் நீயேதான் பதிவு செய்ய வேண்டும், தேதி போனால் போனதுதான். கெஞ்சினால் நடக்காது. நான் கெஞ்சியும் பார்த்திருக்கிறேன்.

உயர்கணிதத்தை அந்த ஆகஸ்டில் இரண்டாம் முறை எழுதினேன். ரிசல்ட் வந்தபோது மென்ஸா என்கிற பல்கலைக்கழக கேன்டீனில் உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். 3,7. அவள் முட்டியால் மேசையைத் தட்டினாள், நானும் தட்டினேன். வெளியே வந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

"எவ்வளவுடி?"

"மூணு புள்ளி ஏழு."

"நூத்துக்கா?"

விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பாஸ்தானே?"

"பாஸ்தாம்மா."

"அப்ப சரி, வை. காசு ஏறும்."

சொல்ல மறந்துவிட்டேன், குக்கருக்கு காஸ்கெட் இரண்டு சேர்த்து எடுத்து வா.