பெயர் வேண்டாம், விஷயத்தைச் சொல்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. உளவியல் படித்துவிட்டு ஈப்போவில் இளையோருக்கான ஓர் உதவி எண்ணில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அழைப்பவர்கள் எல்லாம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். இப்போதுதான் சொல்கிறாள், "நான் தப்பு செய்துவிடுவேனோ" என்று பயந்து அழைக்கும் பையன்களும் நிறைய பேராம். என் நாத்தனார், "கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை இந்தக் கண்ராவியெல்லாம் கேட்கணுமா? அவனுங்க திருந்தவா போறானுங்க?" என்கிறார். வேலையை விடச் சொல்லட்டுமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: விடச் சொல்லாதீர்கள் அம்மா. நானும் உங்கள் ஊர்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்த கடைசிக் காலத்தில் தொடங்கி, ஓய்வு பெற்ற பிறகும் சேர்த்து ஆறு வருடம் இப்படி ஓர் எண்ணில் சனிக்கிழமை இரவுகளில் உட்கார்ந்திருக்கிறேன். கடைவீட்டு மாடி. கீழே மோட்டார் சைக்கிள் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. அழைப்பவரின் எண் எங்கள் போனில் தெரியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள்.

முதல் தடவை யாரும் பேச மாட்டார்கள். மூச்சு கேட்கும், பின்னால் டிவி ஓடும், வைத்துவிடுவார்கள். இரண்டாம் தடவை, "என் ஃபிரண்ட் ஒருத்தன் இருக்கான்..." என்று ஆரம்பிக்கும். அந்த ஃபிரண்ட் யாரென்று எங்களுக்குத் தெரியாதா? ஆனால் "அது நீதானே?" என்று கேட்டால் அத்தோடு முடிந்தது. அதனால் கடைசி வரை ஃபிரண்டைப் பற்றியே பேசுவோம். ஒரு ஃபிரண்டுக்காக நான் ஐம்பது நிமிடம் பேசியிருக்கிறேன்.

ஒரு பையனைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றி. படிவம் மூன்று, பதினைந்து வயது. அம்மா, அப்பா இருவருக்கும் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். சித்தியின் சின்னப் பெண்ணை இவன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவார்கள். கைப்பேசியில் கண்டதையும் பார்த்துப் பார்த்து, மனதில் வரக் கூடாத எண்ணம் வர ஆரம்பித்துவிட்டது. எதுவும் செய்யவில்லை, பயந்துபோய் அழைத்தான். அவனுக்கு என்ன நீதி போதனை செய்வது? தப்பு என்று தெரிந்துதானே அழைக்கிறான். "இன்றைக்கு ராத்திரி வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பாப்பாவை இப்போதே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட முடியுமா, பத்து மணிக்கு மேல் போனை எங்கே வைப்பது, நாளையிலிருந்து பாப்பாவோடு தனியாக இல்லாமலிருக்க அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். அப்புறம், உள்ளதைச் சொல்ல நம்பிக்கையான பெரியவர் யாராவது உண்டா என்றேன். தாய்மாமா பெயரைச் சொல்ல வாயெடுத்தான். பெயர் வேண்டாம், மாமா என்றாலே போதும் என்று நிறுத்தினேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தான். "டீச்சர் மாதிரி பேசுற ஆன்ட்டி இருக்காங்களா?" நான்தான் என்றதும், "பரீட்சை இருக்கு, பாப்பாவைப் பார்த்துக்க முடியாதுன்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன், பரவாயில்லையா?" என்றான். இத்தனை வருட ஆசிரியை வேலையில் ஒரு பொய்க்கு நான் சபாஷ் சொன்னது அன்றைக்குத்தான். மாமாவிடம் பேசினானா, தெரியாது. அதற்கப்புறம் அவன் அழைக்கவில்லை. முடிவு தெரியாமல் வீட்டுக்கு வருவது இருக்கிறதே, உங்கள் மகளுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும்.

நாத்தனாரிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்ததாகக் காவல்துறைக்குத் தெரியவந்தவர்களில் 35.6 விழுக்காட்டினர் தாங்களே 18 வயது நிரம்பாதவர்கள். இப்படிப் பிடிபட்ட இளையோர் திரும்பவும் அதே குற்றத்துக்குப் போகிறார்களா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கணக்கில், போனவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. "திருந்தவா போறானுங்க" என்பது பெரியவர்களை மனதில் வைத்துப் பேசுகிற பேச்சு.

ரகசியம் என்றால் எதையும் மூடி மறைப்பது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், பிரிவு 19 சொல்கிறது: குற்றம் நடந்தது அல்லது நடக்கப் போகிறது என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். அதனால் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவோம்: "பெயர், ஊர், பள்ளி எதுவும் வேண்டாம். சொல்லிவிட்டால், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், நான் சும்மா இருக்க முடியாது." அதைக் கேட்டும் பெயர் சொன்னவர்கள் உண்டு. தங்களை யாராவது தடுத்து நிறுத்த வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் மகளிடம் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: மோசமான அழைப்புக்குப் பிறகு உட்கார்ந்து பேச அங்கே ஒரு மூத்தவர் இருக்கிறாரா? இல்லையென்றால் நானே விடச் சொல்வேன். அசிங்கம் பேசுவதற்கென்றே போன் போடும் ஆட்களும் உண்டு. அவர்களிடம் போனை வைக்க ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். வைத்துவிட்டோமே என்று உறுத்தாமலிருக்க ஒரு வருடம் ஆனது. மற்றபடி, என்ன கேட்டாள், யார் பேசினார்கள் என்று துருவாதீர்கள். என் அம்மா பால்மரம் வெட்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர். நான் வந்ததும் கோப்பி ஓ கலந்து வைத்துவிட்டு, "சாப்டியா?" என்பார். வேறொன்றும் கேட்டதில்லை.

கேள்வி: உறவில் 13 வயதுப் பையன், பக்கத்து வீட்டு 6 வயதுப் பிள்ளையிடம் தவறாக நடந்துவிட்டான். கோயில் தலைவரை வைத்துப் பேசி, பையனுக்கு நாலு அடி போட்டு முடித்துவிட்டோம். போதும்தானே?
– ஒரு வாசகர், குளுவாங்

பதில்: போதாது. அந்த 6 வயதுப் பிள்ளையிடம் யாராவது பேசினீர்களா? முதலில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் இதற்கென்றே ஓஎஸ்சிசி என்ற பிரிவு இருக்கிறது. தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999க்கு எந்நேரமும் பேசலாம். போலீசுக்கும் சொல்லத்தான் வேண்டும். மேலே சொன்ன சட்டம் உங்களையும் சேர்த்துத்தான். பையனுக்கும் ஆலோசகர் வேண்டும். நாலு அடி வாங்கியவன், அடுத்த முறை மாட்டாமலிருக்க மட்டும்தான் கற்றுக்கொள்வான். கோயில் தலைவர் திருவிழாக் கணக்கைப் பார்க்கட்டும்.

கேள்வி: நாம் தோட்டத்தில் இருந்தபோது, ஆயாக்கொட்டகைக் காலத்தில், இதெல்லாம் கிடையாதே அக்கா?
– ஒரு வாசகி, தெலுக் இந்தான்

பதில்: இருந்தது. அம்மாக்கள் வேலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அந்த ஆயாக்கொட்டகையில் வளர்ந்தவள் நான். தோட்டத்துக்கே ஒரு தொலைபேசி, அது ஆபீஸ் மேசையில் இருக்கும். பக்கத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி உட்கார்ந்திருப்பார்.