ஆன்லைன் ‘குரோத் மைண்ட்செட்’ பாடத்தால் பிள்ளைகளின் மனசுக்கு நன்மை உண்டா?

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பள்ளியில், அறிவும் குணமும் பழகப் பழக வளரும், மாறும் என்று சொல்லும் இப்படி ஒரு அரை மணி நேரப் பாடம் கொடுத்துச் சோதிக்கப் போகிறார்கள், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். போடும் முன் பள்ளியில் ஒன்று மட்டும் கேளுங்கள்: பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் யார் நிற்பார்கள்?

2022-இல் எங்கள் பள்ளியில் அப்படி நின்றவன் நான்தான். அதனால் கேட்கச் சொல்கிறேன்.

நான் சைக்காலஜி படித்தவன் இல்லை. ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். “உனக்கு என்ன தெரியும்” என்று கமெண்டில் வருபவர்கள் வரட்டும், நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி எம்.எஸ்சி. சைக்காலஜி புராஜெக்டுக்காக வந்தாள். லேபில் 24 சிஸ்டம். ஓடுவது 17. அதிலும் இரண்டில் ஸ்பேஸ் பாரை ஓங்கி அடித்தால்தான் இடைவெளி விழும். அவள் கொண்டுவந்த பாடம் எளிமையாகத்தான் இருந்தது. பழகப் பழக மூளைக்குள் புது இணைப்புகள் உருவாகின்றன. கூச்சம், கோபம், தோல்வி பயம் எதுவும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது இல்லை, மாறும். இதைச் சொல்லிவிட்டு, மூத்த மாணவர்கள் சொன்ன மாதிரி நாலு கதை. கடைசியில் ஒரு காலிக் கட்டம்: இதே கஷ்டத்தில் இருக்கும் சின்ன வகுப்புப் பிள்ளைக்கு நீ என்ன சொல்வாய், எழுது. அந்தக் கட்டம்தான் பாடத்தின் உயிர் என்றாள். நாம் சொல்லிக் கேட்பதைவிட, தானே இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் பிள்ளைக்கு அது உள்ளே இறங்குமாம்.

பாதிப் பேருக்கு இந்தப் பாடம், மீதிப் பேருக்கு உணர்ச்சிகளை மற்றவரோடு பகிர்வது பற்றி வேறொரு பாடம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிப் போடும். எங்கள் கரஸ்பாண்டென்ட், “நல்ல பாடத்தை ஏ செக்‌ஷனுக்குப் போட்டுடும்மா” என்றார். அப்படிப் போட்டால் சோதனையே செத்துவிடும் என்று புரியவைக்க அந்தப் பெண்ணுக்குக் கால் மணி நேரம் ஆனது. அவரைப் பார்த்து அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்தேன். நான் செய்தது அதைவிட மோசம்.

ஒரு பையன், “சார், இதுக்கு மார்க் உண்டா?” என்று கேட்டான். வாய் சும்மா இருக்கவில்லை. “ஒழுங்கா எழுது, மேடம் படிப்பாங்க” என்றேன். அவ்வளவுதான், வகுப்பு முழுக்கக் கட்டுரைப் போட்டி ஆகிவிட்டது. “அன்புள்ள தம்பிக்கு, நலம் நலமறிய ஆவல்” என்று வரிசையாக ஆரம்பித்தார்கள். நானும் வழக்கம்போல வரிசைக்குள் நடந்தேன். எழுத்துப்பிழை கண்ட இடத்தில் திரையைத் தட்டிக் காட்டினேன். இருபது வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமா?

ஜன்னல் ஓரம், மூன்றாவது வரிசையின் கடைசி சிஸ்டம். ஒரு பெண் பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவள். திரையில் “நான் மாறிடுவேன். ஆனா வீட்ல” என்று இருந்தது. என் நிழல் விழுந்ததும் பேக்ஸ்பேஸை அழுத்தியவள் கட்டம் காலியாகும்வரை விரலை எடுக்கவில்லை. அப்புறம் நிதானமாக அடித்தாள்: “விடாமுயற்சி வெற்றி தரும்.”

இரண்டு வாரம் கழித்து அந்தப் பழைய மாணவியிடமிருந்து போன் வந்தது. “சார், உங்க ஸ்கூல்ல எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. நீங்க பின்னாடி நின்னீங்களா?” முதலில் இல்லை என்றுதான் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒப்புக்கொண்டேன். எங்கள் பள்ளியை விட்டுவிட்டுத்தான் புராஜெக்டை முடித்தாள்.

அந்த உறுத்தலில், அவளிடமே கேட்டுச் சிலதைப் படித்தேன். அமெரிக்காவில் ஜெசிகா ஷ்லைடர், ஜான் வைஸ் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர், 12 முதல் 15 வயது, ஏற்கெனவே சோர்வும் பதற்றமும் உள்ள பிள்ளைகள். குணம் மாறக்கூடியது என்று சொல்லும் அரை மணி நேரப் பாடம் ஒரே ஒரு தடவை. ஒன்பது மாதம் கழித்தும் அதைப் படித்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்திருந்தது. கொரோனா நேரத்தில் ஷ்லைடர் குழு 2,452 பேரிடம் சோதித்து 2022-இல் வெளியிட்டது. மூன்று மாதம் கழித்துப் பலன் தெரிந்தது, ஆனால் சின்னப் பலன். அதிலேயே இன்னொரு பாடமும் இருந்தது: மனசு சரியில்லாதபோது பிடித்த காரியம் ஒன்றைச் செய் என்பது. அதுவும் இதே அளவு உதவியது. ஆக, ‘குரோத் மைண்ட்செட்’ என்ற பெயரில் மந்திரம் எதுவும் இல்லை.

மார்க் பக்கமும் கதை இதேதான். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அறிவு வளரும் என்று சொல்லும் இதே மாதிரிப் பாடத்தை 65 பள்ளிகளில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளின் சராசரி, நாலு புள்ளி அளவுகோலில் ஏறியது 0.1. அதே ஆண்டு இங்கிலாந்தில் வந்த முடிவில், ஆசிரியர்களே வகுப்பில் நடத்திய இன்னொரு ‘குரோத் மைண்ட்செட்’ திட்டத்தால் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்றும் முன்னேறிவிடவில்லை. என்னைக் குத்தியது வேறொன்று: அந்த 65 பள்ளி ஆய்வையே மேலும் அலசியபோது, கணக்கு ஆசிரியருக்கே ‘பிள்ளைகளின் அறிவு வளரும்’ என்ற நம்பிக்கை இருந்த வகுப்புகளில்தான் கணக்கு மார்க் ஏறியதாம்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் தினமும் காதில் விழுவது “அவன் மண்டையில களிமண்”, “அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா”. மணி அடித்ததும் அதே வாய் வகுப்பில் போய் “சித்திரமும் கைப்பழக்கம்” என்று நடத்தும். பிள்ளை எதை நம்புவான்?

ஆசிரியர்களையே குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், நானும் ஆசிரியர்தான். எங்கள் நிலைமையையும் பாருங்கள். பேர் கம்ப்யூட்டர் ஆசிரியர். அடிப்பது எல்லா சப்ஜெக்ட் கேள்வித்தாளும், ஆண்டு விழா அழைப்பிதழும். ஆபீஸ் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் வகுப்பின் நடுவில் ஆள் அனுப்புவார்கள். ஒரு தடவை கரஸ்பாண்டென்ட் வீட்டு வைஃபைக்குக்கூடப் போயிருக்கிறேன். இதில் சம்பளத்தைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது. சரி, விடுங்கள்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எழுதியதை அழித்த அந்தப் பெண் பிள்ளை பத்தாவது முடித்து 2024-இல் டி.சி. வாங்க வந்தாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது நான்தான். “வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாம்மா?” என்றேன். “இருக்காங்க சார்” என்று பிரிண்டரைப் பார்த்தபடி சொன்னாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரணச் சோர்வு, பரீட்சை பயம் என்றால் இந்தப் பாடம் கெடுதல் செய்யாது, கொஞ்சம் உதவலாம். சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ‘நான் இருந்து என்ன ஆகப் போகுது’ என்ற மாதிரி பேசுகிறான் என்றால் இதை நம்பி உட்காராதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு (டெலி மானஸ்) எந்த நேரத்திலும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஒருவேளை வீட்டில் வைத்துச் செய்யச் சொன்னால் போனைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். முடிந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்காதீர்கள். மார்க் உண்டா என்று அவன் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.